பிடங்குக்குள் இருக்கும் வேலை

ரைபிளுக்கு வேறு கம்பனி செய்த பிடங்கு ஒன்றை வாங்கிவந்து, "அப்படியே பொருந்திவிட்டது" என்று ஒருவர் சொன்னால், இரண்டு திருகாணியும் துளைக்குள் இறங்கிவிட்டன என்பதற்கு மேல் அதில் அர்த்தமில்லை. ரைபிள் பிடங்குக்குள் கிடக்கிறது, இன்னும் அமரவில்லை. அமர்த்துகிற அந்த வேலைதான் துவக்குக் கைவினையில் எனக்கு மிகப் பிடித்தது. கொழும்பு நூதனசாலையில் பழைய கண்டித் துவக்குகளின் முன்னால் நிற்பவர்கள், இரண்டாகப் பிளந்த பிடங்கையும் தந்தச் சித்திரங்களையும் பார்த்துவிட்டு நகர்வார்கள். எனக்கோ குழலைக் கழற்றி, அடியில் மரத்தை எப்படிக் கொத்தியிருக்கிறார்கள் என்று பார்க்கக் கை துறுதுறுக்கும்.

அமர்வு சரியா என்று அறிய எளிய வழி உண்டு. வெறுமையாக்கிய ரைபிளில் இரண்டு ஆணியையும் முறுக்கி, குழலும் பிடங்கும் சேரும் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு முன் ஆணியை மெல்லத் தளர்த்த வேண்டும். விரலடியில் குழல் எழும்பினால், இவ்வளவு நேரமும் ஆணி இரும்பை வளைத்துப் பிடித்திருக்கிறது. ஒரு கால் நிலத்தில் படாத வாங்கில் ஆள் ஏறி உட்கார்ந்தால் சட்டம் முறுகுமே, அப்படி. முறுகிய ஆக்சன், அதாவது குழலின் பின்னாலுள்ள இரும்புக் கூடு, ஒவ்வொரு வெடிக்கும் ஒரே இடத்துக்குத் திரும்பி வராது, குறி சிதறும். எங்கள் முந்தல் கரையில் மரப் பிடங்குக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஆடி வெயிலில் ஒடுங்கிய மரம் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊதிவிடும். அப்போது மரம் குழலைத் தள்ளும். ஆடியில் பட்ட இடத்தில் கார்த்திகையில் வெடி படாது.

வேலை உளியில் தொடங்குகிறது. ஆக்சன் இருக்கும் பள்ளத்தில் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கொத்தியெடுத்து எப்பொக்சிக்கு இடம் விடுவார்கள். ஆணி முறுக்கும்போது மரம் நசியாதிருக்கத் துளைகளில் அலுமினியத் தூண்கள் இறங்கும். அடுத்ததுதான் நான் கண் கொட்டாமல் பார்க்கும் இடம். ஆக்சனின் முன்பக்க அடியில் சின்னதொரு இரும்புக் கட்டை நீட்டிக்கொண்டிருக்கும். வெடியின் உதையைப் பிடங்குக்குக் கடத்துவது அது. மவுசர் 98இல் அது ஆக்சனோடு ஒரே இரும்பு; 1962இல் வந்த ரெமிங்டன் 700இல் குழலுக்கும் ஆக்சனுக்கும் நடுவே செருகிய தனித் தகடு. கைதேர்ந்தவர் அந்தக் கட்டையின் முன்முகத்திலும் இரு பக்கங்களிலும் அடியிலும் டேப் ஒட்டுவார், பின்முகத்தைத் தொடமாட்டார். எப்பொக்சி இறுகியபின் டேப்பை உரித்தால் மற்ற எல்லாப் பக்கமும் மயிரளவு வெளி இருக்கும். பின்முகம் மட்டும் முழுப் பரப்பும் சாய்ந்து நிற்கும். எங்கே தொடக்கூடாது என்று தெரிந்தவர் கை அது.

பிறகு விசை, ரவைக்கூடு இருக்கும் ஓட்டைகளைக் களிமண்ணால் அடைத்து, இரும்பெங்கும் மெழுகு பூசி, பள்ளத்தில் எப்பொக்சியை இட்டு, ஆக்சனை இறக்குவார்கள். இந்த நேரத்தில் ஆணியை இறுக்கி முறுக்குபவர் பழைய வளைவையே எப்பொக்சியில் வார்த்து வைக்கிறார். தன் பாரத்திலேயே அது அமர வேண்டும். மறுநாள் தட்டினால் 'படக்' என்று விடுபடும். மெழுகு சரியாகப் பூசியிருந்தால் ஆக்சனின் அடியிலிருந்த கடைசல் கோடுகள்கூடப் பள்ளத்தில் அப்படியே பதிந்திருக்கும். எழுத்து ஏதும் வெட்டியிருந்தால் அதுவும் இடம்வலம் மாறித் தெரியும்.

எங்கள் பக்கத்தில் 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தோடு இருப்பவை பெரும்பாலும் தோட்டக் காவலுக்கான சொட்கன்கள்; ரைபிள் அபூர்வம். ஆனால் மெழுகும் அச்சும் ஹார்ட்னரும் பைபர் வள்ளம் கட்டும் பையன்களுக்குப் புதிதல்ல. அவர்களிடம் இதைச் சொன்னால் பாதி சொல்லும்போதே மீதி புரிந்துவிடும். ஒன்றை மட்டும் தடுக்க வேண்டியிருக்கும்: வள்ளத்துக்கு ஊற்றும் பொலியெஸ்டர் ரெசின் இதற்கு ஆகாது. இறுகும்போது அது சுருங்கி இரும்பைவிட்டு விலகும். எப்பொக்சி அவ்வளவு சுருங்காது. அமெரிக்காவில் பலர் ரைபிள் அமர்த்தப் பயன்படுத்தும் மரீன்-டெக்ஸ், படகு ஓட்டை அடைக்க வந்த எப்பொக்சிதான்.

எப்பொக்சி வருமுன்னர் இதையெல்லாம் புகைக்கரியும் உளியும் செய்தன. இலங்கைப் பொலிசாரின் தோளில் நெடுங்காலம் தொங்கிய 303 லீ-என்பீல்டைப் பாருங்கள். அதற்குப் பிடங்கு ஒரே மரமல்ல. பின்கட்டை வேறு, முன்கட்டை வேறு. ஆளின் கைநீளத்துக்கு ஏற்பப் பின்கட்டையைக் குட்டை, சாதாரணம், நீளம் என்று அளவு பிரித்தார்கள். உதை விழுவது முன்கட்டையின் பின்தலையிலுள்ள இரு சிறு முகங்களில். இரும்பில் கரி பூசி, இறக்கி, எடுத்து, கறுத்த இடத்தை மட்டும் சுரண்டி, இரண்டு முகமும் ஒரே நேரத்தில் தாங்கும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இன்றைய ஆட்கள் குழலுக்கடியில் கடதாசி தடையின்றி ஓட வேண்டும் என்பார்கள். பழைய குட்டை லீ-என்பீல்டிலோ வாய்ப்பக்கத்தில் ஒரு வில்லை வைத்து வேண்டுமென்றே குழலை மேலே தள்ளினார்கள். இரண்டும் குறி தவறாமல் சுடும், அரைகுறையாக உரசுவதுதான் அப்படிச் சுடாது.

இதே துவக்கைச் செய்த அவுஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை, உள்ளூர்க் கோச்வுட் மரம் அந்த உதையைத் தாங்காதென்று தாங்குமுகங்களில் செப்புத் தகடு பதித்தது. வங்காளத்து இஷாப்பூரில் முன்கட்டை பிளக்காதிருக்கக் குறுக்கே ஓர் ஆணியை ஓட்டினார்கள். அழகைக் கெடுத்த ஆணி என்று முகம் சுளிக்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. நான் இஷாப்பூர் துவக்கில் முதலில் தேடுவதே அதைத்தான். ஆணி இருந்தும் அதன் பக்கத்தில் மரம் வெடித்திருந்தால், உள்ளே ஒரு முகம் தேய்ந்து மற்றது தனியாக உதை வாங்கியிருக்கும். அந்த முன்கட்டையைக் கழற்றிப் பார்க்காமல் விலை பேசக்கூடாது.