வடைப் பொட்டலமும் முதுகுத் தழும்பும்

என் பெரியம்மா மகள் இன்றும் தண்ணீர் குடிக்க எழுந்தால் ஒரு நொடி நின்று சுற்றிலும் பார்ப்பாள். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலை விடுதியில் பதினாறு வயதில் சேர்ந்தவள். மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்பது பேச்சு; சுமங்கலித் திட்டம் என்பார்கள். மில்லை விட்டுப் பத்து வருடமாகிறது. சூப்பர்வைசரின் பார்வை இன்னும் அவளை விடவில்லை.

டோனி மாரிசனின் 'பிலவட்' (1987) நாவலை வாசித்தபோது அக்காதான் நினைவுக்கு வந்தாள். அடிமையாக இருந்து தப்பிவந்த செத்தேயின் முதுகில் சாட்டையடித் தழும்புகள் மரம்போலக் கிளைத்திருக்கின்றன. அந்த மரத்தை அவளால் பார்க்க முடியாது. பிறர் சொல்லித்தான் தெரியும். மனிதரையே சொத்தாக விற்ற அடிமைமுறையும் நம் மில் வேலையும் ஒன்றல்ல. ஆனால், தப்பிவந்த பிறகும் உடம்பு ஏன் எஜமானை எதிர்பார்த்தே நிற்கிறது என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

ஜாய் டிக்ரூய் 2005இல் எழுதிய நூலில், அடிமைமுறையின் காயம் கறுப்பினக் குடும்பங்களில் தலைமுறைகளாகத் தொடர்வதைப் பேசினார். அந்தக் காயத்தோடு, இன்றும் தொடரும் ஒடுக்குமுறையையும் சேர்த்தே சொன்னார். நாம் இரவல் வாங்கும்போது முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். எங்கள் பாட்டி பண்ணையில் நின்றார், அக்கா மில்லில் நின்றாள். உடனே 'பயம் இவங்க ரத்தத்துலயே ஊறினது' என்று முடித்துவிடுகிறார்கள். மில் பெண்களுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுத்தால் போதும் என்பதும் இதே சிந்தனைதான்.

பாமாவின் 'கருக்கு' (1992) இதை மறுக்கிறது. ஊர்ப் பெரியவர் வடைப் பொட்டலத்தைக் கையில் படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிப் போகிறார். சிறுமி அதைப் பார்த்துச் சிரிக்கிறாள். அண்ணன் காரணம் சொன்ன பிறகே அவளுக்குக் கோபம் வருகிறது. அந்தச் சிரிப்பு எனக்கு முக்கியம். பயம் ரத்தத்தில் வந்திருந்தால் அவள் சிரித்திருக்க மாட்டாள். பணிவை ஊர் கற்றுக்கொடுக்கிறது. கூலியையும் அடியையும் காட்டித் தினமும் புதுப்பிக்கிறது.

திண்டுக்கல்லிலேயே இதற்குச் சான்று உண்டு. 2021 ஜனவரியில், ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு தலித் பெண் கொல்லப்பட்டார். அவர் உறுப்பினராக இருந்த, தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. பாலியல், சாதிய வன்முறையைக் கவனித்துச் சொல்ல, தொழிலாளர்களுக்குள்ளேயே கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்றார்கள். வேலை போகாது என்ற உறுதி இருக்கும் இடத்தில் பெண்கள் பேசுகிறார்கள். மனம் முதலில் மாற வேண்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை.

அக்கா வேலை பார்த்த மில் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. அவளிடம் இதைச் சொன்னேன். "அப்ப இப்பிடி ஒண்ணு இருந்திருந்தா நானும் சொல்லியிருப்பேன்டி" என்றாள். என்ன என்று கேட்டேன். சொன்னாள். அதை இங்கே எழுத அவள் இன்னும் சம்மதிக்கவில்லை.