வேதாளத்தின் வெளிநாட்டுப் பேரன்கள்

விம்கோ நகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். எட்டாவது படிக்கும் பையன். கணக்கு சுமார், படம் நன்றாக வரைவானாம். சிநேகிதன் கொடுத்தான் என்று ஒரு ஜப்பானியப் பேய் காமிக்ஸைக் கொண்டுவந்து நாலு நாளாகக் கையை விட்டு இறக்கவில்லை. 'ராத்திரி லைட்டை அணைக்க விடமாட்டேன்கிறான். ஆனால் அடுத்த புத்தகம் வேண்டுமாம். பயமாக இருந்தால் எதற்கு ஸார் படிக்கணும்? பிடுங்கி வைத்துவிடலாமா?'

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம்: வேண்டாம். பிடுங்கிய புத்தகத்தைப் பையன் போர்வைக்குள் டார்ச் அடித்துப் படிப்பான். அது இன்னும் பயங்கரம். முதல் கேள்விதான் கஷ்டமானது.

கேட்டது விம்கோ நகர் என்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. விம்கோ ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். வெஸ்டர்ன் இண்டியா மேட்ச் கம்பெனி, ஸ்வீடன்காரர்களின் மூலதனத்தில் 1923-ல் தொடங்கியது. அதே சமயத்தில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று ஊர் திரும்பினார்கள். திருவொற்றியூர் பக்கம் விம்கோ தன் பெயரை ஒரு பேட்டைக்கும், ரயில்வே ஸ்டேஷனுக்கும், 2021-லிருந்து மெட்ரோவுக்கும் கொடுத்தது. சிவகாசியில் தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக அச்சகம், அச்சகத்துக்குத் தீனி போடக் காலண்டர், டைரி, கடைசியில் காமிக்ஸ். 1972-ல் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி வந்தார். 1984-ல் லயன் காமிக்ஸ். அதன் ஆசிரியர் எஸ்.விஜயன், 1986-ல் இன்னொரு பத்திரிகை ஆரம்பித்தார். பெயரே 'திகில்'.

இன்று நாற்பது தாண்டியவர்களில் ஒரு சிறு கூட்டம் அந்தப் பெயரைக் கேட்டதும் லேசாக நிமிர்ந்து உட்காரும். கறுப்பு வெள்ளையில், மலிவுக் காகிதத்தில், சின்னச் சின்னப் பேய்க் கதைகள். 'கறுப்புக் கிழவியின் கதைகள்' என்று ஒரு வரிசை. கிழவி வந்து கதை சொல்வாள், யாராவது ஒருத்தர் கெட்டுப்போவார், அத்தோடு சரி. அடுத்த கதைக்கு வேறு ஆட்கள். பின்னால் கேப்டன் பிரின்ஸ் போன்ற சாகச நாயகர்களும் அதில் இடம்பிடித்தார்கள். பிறகு பத்திரிகையே நின்றுபோனது.

'வேறு ஆட்கள்' என்றேனே, மொத்த சூட்சுமமும் அங்கேதான். இரும்புக்கை மாயாவியை வில்லன் கட்டிப்போட்டு வெடிகுண்டைப் பக்கத்தில் வைத்தாலும் உங்களுக்கு உள்ளூர நிம்மதி உண்டு, அடுத்த மாதம் அவர் வரவேண்டும் என்று. ஏழெட்டுப் பக்கப் பேய்க் கதையில் யாருக்கும் அடுத்த மாதம் கிடையாது. முதல் கட்டத்தில் காபி குடித்துக்கொண்டிருப்பவர் கடைசிக் கட்டத்தில் என்ன ஆவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நாவலிலும் சீரியலிலும் கதாநாயகன் என்கிற இன்ஷூரன்ஸ் பாலிசி இருக்கிறது. தொகுப்புத் திகிலில் அது இல்லை. ஓடும் ரயிலில் எதிர் சீட்காரரைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் இந்த ஆசாமியைப் பற்றியும் தெரியும். அதனாலேயே அவர் நீங்களாக இருக்கலாம்.

இன்னொன்று, பக்கத்தைத் திருப்புவது. சினிமாவில் பேய் தன் இஷ்டத்துக்கு வரும். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டால் அது வந்துவிட்டுப் போய்விடும். காமிக்ஸில் பேய் பொறுமைசாலி. வலது பக்கக் கடைசிக் கட்டத்தில் ஒரு பெண் கதவைத் திறக்கப் போகிறாள். திறப்பது அவளல்ல, நீங்கள். நீங்கள் திருப்பாதவரை அடுத்த பக்கத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. திருப்பியதும் நடந்ததற்கு நீங்களும் உடந்தை. பையன் லைட்டைப் போட்டுக்கொண்டு படுப்பதற்குப் பேய் பாதிக் காரணம் என்றால், இந்தக் குற்ற உணர்ச்சி மீதிக் காரணம்.

இந்த வகைக் காமிக்ஸுக்கு அமெரிக்காவில் ஒரு பொற்காலம் இருந்தது. ஐந்தே வருஷம். வில்லியம் கெய்ன்ஸ் என்பவர் அப்பாவிடமிருந்து வந்த ஈ.சி. என்ற கம்பெனியை வைத்துக்கொண்டு 1950-ல் மூன்று திகில் பத்திரிகைகளை இறக்கினார். 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்' அதில் ஒன்று. கதை சொல்ல மூன்று கோர முகங்கள்: கல்லறைக் காவலன், நிலவறைக் காவலன், கிழட்டுச் சூனியக்காரி. மூவரும் கடி ஜோக் மன்னர்கள். நடுங்கும் நேரத்தில் ஒரு மட்டமான சிலேடை சொல்லி உங்களைச் சிரிக்க வைத்துவிட்டு மறுபடி பள்ளத்தில் தள்ளுவார்கள். நம் கறுப்புக் கிழவிக்கு இவர்கள் ஒன்றுவிட்ட சொந்தம்.

1954-ல் வந்தது வினை. ஃப்ரெட்ரிக் வெர்தம் என்ற மனநல டாக்டர், பிள்ளைகள் கெட்டுப்போவதே காமிக்ஸால்தான் என்று புத்தகம் எழுதினார். செனட் துணைக் கமிட்டி ஒன்று கெய்ன்ஸை விசாரித்தது. கையில் கோடரி, மறு கையில் ஒரு பெண்ணின் வெட்டிய தலை என்றிருந்த ஓர் அட்டையைக் காட்டி, இது நல்ல ரசனையா என்று கேட்டார் செனட்டர் கீஃபாவர். திகில் பத்திரிகைக்கு நல்ல ரசனைதான் என்றார் கெய்ன்ஸ். தலையை இன்னும் உயர்த்திப் பிடித்து, கழுத்திலிருந்து ரத்தம் சொட்டுவது தெரிந்தால்தான் மோசம் என்றும் விளக்கம் கொடுத்தார். தொழில்முறையில் நேர்மையான பதில். சொன்ன இடம்தான் தப்பு. மறுநாள் பேப்பரில் வந்து மானம் போயிற்று. அந்த வருஷமே பதிப்பாளர்கள் சேர்ந்து ஒரு தணிக்கை விதி போட்டுக்கொண்டார்கள். தலைப்பில் 'ஹாரர்', 'டெரர்' என்ற வார்த்தைகளே கூடாது. ரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன், எழுந்து நடக்கும் பிணம் எல்லாம் தடை. கெய்ன்ஸ் கடையைக் கட்டிவிட்டு 'மேட்' பத்திரிகையில் சம்பாதித்தார். காட்டேரிக்கும் ஓநாய் மனிதனுக்கும் 1971-ல் மன்னிப்புக் கிடைத்தது. பிணத்துக்கு 1989 வரை கிடைக்கவில்லை!

இங்கிலாந்து 1955-ல் இதற்கென்றே சட்டம் போட்டது. நாம் சும்மா இருப்போமா? 1956-ல் இந்தியாவிலும் ஒன்று வந்தது: இளையோர் (தீங்கு தரும் வெளியீடுகள்) சட்டம். குற்றம், கொடூரம், அருவருப்பான அல்லது கோரமான சம்பவங்கள் இவற்றையே பிரதானமாகச் சொல்லி இளையவர்களைக் கெடுக்கக்கூடிய கதைகள், படத்தோடு இருந்தாலும் சரி, படமில்லாமல் இருந்தாலும் சரி, குற்றம்.

வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில் வடபழனியிலிருந்து மாதாமாதம் ஒரு பத்திரிகை எல்லா வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்தது. ஒரு ராஜா சுடுகாட்டில் மரத்திலிருந்து பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான். பிணத்துக்குள் ஒரு வேதாளம். அது கதை சொல்கிறது. கடைசியில் ஒரு கேள்வி. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும். வாயைத் திறந்தால் பிணம் மறுபடி மரத்துக்கு. 'அம்புலிமாமா'வில் ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம், உருவிய வாளும் தோளில் துவண்டு தொங்கும் உடலுமாக, நம் வீட்டுப் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் ஞாபகத்திலிருந்து சொல்வார்கள். சங்கர் 2020-ல் காலமானார்.

அந்த வேதாளக் கதைகளில் ஒன்றைப் பாருங்கள். கோயிலில் கணவனும் அவன் மச்சானும் தலையை வெட்டிக்கொண்டு இறக்கிறார்கள். அம்மன் வரம் கொடுக்கிறாள். அந்தப் பெண் அவசரத்தில் தலைகளை மாற்றி ஒட்டிவிடுகிறாள். இருவரும் எழுந்து உட்காருகிறார்கள். இப்போது இவளுக்குப் புருஷன் யார்? பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்து சோமதேவர் சமஸ்கிருதத்தில் எழுதிவைத்த கதாசரித்சாகரத்தில் இது இருக்கிறது. கீஃபாவர் ஒரு தலைக்கே பதறினார். நம் பாட்டி இரண்டு தலையை மாற்றி ஒட்டி, சோறு ஊட்டும்போது கேள்வி வேறு கேட்டாள். 1956 சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பிடித்தால் வேதாளத்தையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

வேதாளம்தான் உலகத்தின் முதல் திகில் தொகுப்பாசிரியர் என்று சொல்லத் தயாராக இருக்கிறேன். அமெரிக்கக் கல்லறைக் காவலன் அதன் பேரன். தாத்தா செய்ததும் பேரன் செய்வதும் ஒன்றே: தனித்தனிக் கதைகள், சொல்பவன் ஒரு பேய், கேட்பவனுக்குத் தப்ப வழியில்லை. தாத்தா ஒருபடி மேல். கதையை முடித்துவிட்டு அவர் சிரிப்பதில்லை, கேள்வி கேட்கிறார்.

வாசகியின் கேள்விக்கு வருகிறேன். பயத்தில் இரண்டு ரகம். ஒன்று திடுக். பின்னாலிருந்து 'பே' என்று கத்துவது. ராட்டினத்தில் வயிறு மேலே வருமே, அந்த ஜாதி. இறங்கினால் தீர்ந்தது. இன்னொன்று உறுத்தல். இரண்டு நாள் கழித்துப் பல் தேய்க்கும்போது திரும்ப வருவது. மோசமான பேய் காமிக்ஸ் திடுக்கோடு நின்றுவிடும். ரத்தம், புழு, கடைசிக் கட்டத்தில் எலும்புக்கூடு. பத்து கதை படித்தால் பதினோராவதன் முடிவு மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ஈ.சி.யிலும் இந்த ரகம் நிறைய. கொன்றவனைச் செத்தவன் எழுந்துவந்து கொல்வான், எப்போதும். ஒருவிதத்தில் அவை ரொம்ப ஒழுக்கமான கதைகள். தர்மம் அங்கே ஒருநாளும் தோற்காது. கொஞ்சம் அழுகிப்போய் வரும், அவ்வளவே.

உறுத்தலில் மன்னன் என்றால் அந்தப் பையன் கையிலிருக்கும் ஜுன்ஜி இட்டோ. முன்பு பல் செட் செய்யும் டெக்னீஷியனாக இருந்தவர். கோட்டில் அந்தத் துல்லியம் தெரியும். 'உசுமாகி'யில் (1998-99) ஒரு ஊரையே சுழல் வடிவம் பிடித்து ஆட்டுகிறது. பேயில்லை, சாபத்துக்குக் காரணம் சொல்லப்படவில்லை. இன்னொரு சின்னக் கதையில் பூகம்பத்தில் ஒரு மலைச்சரிவு வெளிப்படுகிறது. அதில் மனித வடிவத் துளைகள், நூற்றுக்கணக்கில். டிவியில் பார்த்தவர்கள் வருகிறார்கள். ஒருவன் ஒரு துளையைக் காட்டி, 'இது என்னுடையது' என்கிறான். உடைகளைக் கழற்றிவிட்டு உள்ளே நழுவுகிறான். கச்சிதமாகப் பொருந்துகிறது. பின்னால் வர முடியாது. அவனை யாரும் தள்ளவில்லை என்பதுதான் கதை. இதைப் படித்துவிட்டு லைட்டைப் போட்டுக்கொண்டு படுத்தால் பையனுக்கு ரசனை இருக்கிறது என்று அர்த்தம்.

எண்ணூர்ப் பக்கத்து ஜனங்களுக்குக் காரணம் தெரியாத பயம் புதிதும் அல்ல. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்தில் தூக்கத்திலிருந்து எழுந்தவர்களுக்கு மூச்சு அடைத்தது, கண் எரிந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ரோட்டுக்கு ஓடினார்கள். உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு என்பது அப்புறம் தெரிந்தது. ஓடும்போது தெரிந்தது வாடை மட்டும். அந்த நேரத்தில் எந்தக் கிழவியும் வந்து ஜோக் அடிக்கவில்லை, எந்தக் கட்டத்துக்கும் ஓரக்கோடு இல்லை. அந்தப் பக்கத்தில் வளரும் ஒரு பையன், மூடி வைக்கக்கூடிய பயமாக ஒன்றைத் தேடிப் படிக்கிறான் என்றால் எனக்கு ஆச்சரியமில்லை. 'கியோ' என்ற அவருடைய இன்னொரு புத்தகத்தை மட்டும் இரண்டு வருஷம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். செத்த மீன்கள் கால் முளைத்து, நாற்றத்தோடு கரையேறும் கதை. மீனவக் குப்பங்களுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதைப் படித்தால் சாப்பாட்டில் பிரச்னை வரும்.

எனக்கிருக்கும் வருத்தம் வேறு. சிவகாசித் திகில் ரசமானதுதான், ஆனால் அதில் பனியும் கோட்டையும் ஓவர்கோட்டும். நம்மிடம் சரக்கா இல்லை? பேயுரு கேட்டு வாங்கிய காரைக்காலம்மையார், போர்க்களத்தில் கூழ் காய்ச்சிக் குடிக்கும் பரணிப் பேய்கள். எல்லாவற்றுக்கும் மேலே பழையனூர் நீலி. திருவள்ளூர் மாவட்டத்தில், திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில். கணவனால் கொல்லப்பட்டவள் பேயாகிறாள். அவன் மறுபிறவியில் வணிகனாக வருகிறான், காப்புக்கு ஒரு மந்திரக் கத்தியோடு. கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவர் என் புருஷன், சேர்த்துவையுங்கள்' என்று எழுபது வேளாளர் சபையில் அழுகிறாள். நீலிக் கண்ணீர் என்று சொல்கிறோமே, அது இதுதான். சபை அவளை நம்புகிறது. அவனுக்கு ஏதாவது ஆனால் நாங்கள் உயிர் கொடுக்கிறோம் என்று வாக்குக் கொடுக்கிறது. காலையில் எழுபது பேரும் தீயில் இறங்கவேண்டியதாகிறது.

ஈ.சி.க்காரர்கள் நீலி பழிவாங்குவதோடு முடித்துக் கைதட்டியிருப்பார்கள். நம் ஊர்க்காரன் அந்த எழுபது பேரையும் விடவில்லை. நியாயமாகத்தான் தீர்ப்புச் சொன்னார்கள், தப்பாகப் போயிற்று, வாக்கைக் காப்பாற்றினார்கள். இதில் யாருக்காகப் பயப்படுவீர்கள்? வேதாளம் கேட்கவேண்டிய கேள்வி.

படம் நன்றாக வரைகிற பையன்கள் யாராவது இதை எட்டுப் பக்கத்தில் போட்டுப் பார்க்கலாம். கிழவி வேண்டாம், ஜோக் வேண்டாம், நீலியின் பல்லைக் காட்டவே வேண்டாம். சபை சொல்கிறது, கத்தியைக் கொடுத்துவிட்டுப் போ என்று. அவன் எழுபது முகங்களையும் பார்க்கிறான். கொடுத்துவிட்டு உள்ளே போகிறான். கதவு பாதி சாத்தியிருக்கும்போது வலது பக்கம் முடியவேண்டும்.