குற்றாலத்துக் கடிதங்கள்

டி.கே.சி. குற்றாலத்திலிருந்து நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் பெரிய விஷயம் என்ன இருக்கிறது? சாரல், அருவி, சாப்பாடு, நடுவிலே ஒரு கம்பன் பாட்டு, அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறாற்போல் இருக்கிறது. இதற்கெல்லாம் ஒரு புஸ்தகமா என்று கேட்பவர்கள் அந்தக் குரலைக் கேட்டறியாதவர்கள்.

ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். இந்தப் பாட்டு கம்பனுடையதல்ல என்று தமக்குத் தோன்றுவதை நண்பருக்கு எழுதலாம். நண்பர் மறுத்து எழுதுவார். டி.கே.சி.யோ கம்பனைப் பதிப்பித்தபோதும் அந்தத் தோன்றலையே தீர்ப்பாக்கினார். பாட்டுக்களை விலக்கினார், திருத்தினார். பதிப்பைப் படிக்கிறவன் யாருக்குப் பதில் போடுவான்?

1954-இல் அவர் மறைந்தார். பதிப்போடு எனக்கு இன்னும் வழக்கு உண்டு. கடிதங்களோடு இல்லை, அவை பதிலுக்கு இடம் விட்டே எழுதப்பட்டவை.