வகுப்பறையும் புதிய கருவியும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பாடசாலை ஒன்றிற் பத்தாந் தர மாணவர் எழுதிய கட்டுரைக் கொப்பிகளைப் பார்வையிடும் வாய்ப்பு அண்மையில் எமக்குக் கிடைத்தது. கட்டுரையின் தலைப்பு 'நான் கண்ட துறைமுகம்' என்பது. முப்பத்தெட்டுக் கொப்பிகள் இருந்தன. அவற்றுள் முப்பதுக்கு மேற்பட்டவற்றில் ஒரே கட்டுரைதான் இருந்தது. வானளாவிய பாரந்தூக்கிகள், மலைபோற் குவிந்த கொள்கலன்கள், அவற்றை ஏற்றிச் செல்ல வரிசையாய்க் காத்து நிற்கும் பாரவூர்திகள் எனக் கொழும்புத் துறைமுகத்தை வருணிக்கும் கட்டுரை அது. யாரோ எழுதி இணையத்தில் இட்டிருந்த மாதிரிக் கட்டுரை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து, அங்கிருந்து கொப்பிகளுக்கு இறங்கியிருந்தது. அம்மாணவருட் பெரும்பாலோர் கொழும்பைக் கண்டதில்லை. அவர்கள் நாள்தோறும் காணும் துறைமுகமோ வகுப்பறை யன்னலுக்கு வெளியே கிடந்தது.

ஒரு கொப்பி மட்டும் வேறுபட்டிருந்தது. விடியற்காலையில் வெறும் வள்ளத்தோடு கரைதிரும்பிய தகப்பனைப் பற்றி ஒரு சிறுவன் எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகள் மலிந்திருந்தன, முடிவுரை இல்லை. ஆனால் அதிலே கடல் இருந்தது; மனிதன் இருந்தான்; எரிபொருட் கடன் இருந்தது. மாதிரிக் கட்டுரையைப் பெயர்த்தெழுதியோர் பெற்ற புள்ளியில் ஏறத்தாழப் பாதியே அவனுக்குக் கிடைத்திருந்தது.

இதனை அம்மாணவரின் குற்றமென்றோ, நாற்பது பிள்ளைகளைப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்தும் சுமையைத் தாங்கும் ஆசிரியரின் குற்றமென்றோ நாம் கூற வரவில்லை. வகுப்பறைக்குள் வந்துள்ள புதிய கருவிகளைப் பற்றிப் பேசுவோர் இக்கொப்பிகளிலிருந்தே தம் பேச்சைத் தொடங்க வேண்டும் என்பதே எமது கருத்து.

இன்று இக்கருவிகள் குறித்து இரு கட்சியினர் வாதிடுகின்றனர். ஸ்மார்ட் பலகையும் இணையமும் வந்துவிட்டால் கொழும்பு மாணவனும் வெருகல் மாணவனும் சமமாகிவிடுவர் என்கின்றனர் ஒரு சாரார். கருவி வந்ததால் வாசிப்பு அழிந்தது, ஒழுக்கம் கெட்டது என்று பெருமூச்செறிகின்றனர் மறுசாரார். இவ்விரு சாராரும் ஒரே தவற்றையே செய்கின்றனர் என்பது எமது துணிபு. சமுதாயத்தை விட்டுக் கருவியைப் பிரித்தெடுத்து, நன்மையும் தீமையும் அதற்குள்ளேயே உறைவதாக இவர்கள் எண்ணுகின்றனர். ஒரு நூலை விமர்சிக்கும்போது அது யாருடைய வாழ்வைப் பேசுகிறது, யாரை நோக்கிப் பேசுகிறது என்று கேட்கிறோம். அதே வினாக்களைக் கற்பித்தற் கருவியிடமும் கேட்பதே முறையாகும்.

முதலில், அது யாரைச் சென்றடைந்தது என்று நோக்குவோம். இந்நாட்டில் 1945ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயரோடு இணைந்தது. கல்வி விலைப்பொருளாகலாகாது என்பதே அதன் அடிப்படை. 2020 மார்ச் நடுப்பகுதியில், கொள்ளை நோயின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது அவ்வடிப்படை ஆட்டங்கண்டது. கல்வியமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளம் இருந்தது. தொலைக்காட்சிப் பாடங்கள் இருந்தன. ஆசிரியர் தாமே அமைத்துக்கொண்ட வாட்ஸ்அப் குழுக்களும் இருந்தன. ஆனால் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நாட்டின் குடும்பங்களில் ஏறத்தாழ ஐந்திலொன்றிலேயே கணினி இருந்தது. எஞ்சியோர் நம்பியிருந்தது கையடக்கத் தொலைபேசியை. ஒரேயொரு தொலைபேசியும் மூன்று பிள்ளைகளும் உள்ள வீட்டில் எந்தப் பிள்ளை படிப்பது? தகப்பன் அதனையும் கொண்டு கடலுக்குப் போய்விட்டால் யார்தான் படிப்பது? மத்திய மலைநாட்டின் போஹிட்டியாவ என்னும் சிற்றூரிலே, அலைத்தொடர்பு கிடைக்கும் பாறையொன்றைத் தேடி மாணவரும் ஆசிரியரும் காட்டுவழியே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்தனர். 2021இல் அச்செய்தி உலகெங்கும் பரவியது. உலகம் அதனை வியந்தது. நாமோ வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

அதே ஆண்டு ஜூலை 12ஆம் திகதி முதல் ஆசிரியரும் அதிபரும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிக்கொண்டனர். ஆர்ப்பாட்டத்தில் ஈடுபட்ட தொழிற்சங்கத்தினர் கைதுசெய்யப்பட்டுப் பலவந்தமாகத் தனிமைப்படுத்தப்பட்டதற்கு எதிர்ப்பாக எழுந்த அப்போராட்டம், 1997 முதல் தீராதிருந்த சம்பள முரண்பாட்டை முன்வைத்து ஒக்டோபர் வரை நீடித்தது. பிள்ளைகளின் கல்வியைப் பணயம் வைக்கின்றனர் என்று ஆசிரியர்மீது பழி சுமத்தப்பட்டது. ஆனால் அதுவரை இணையவழிக் கல்வி எதன்மேல் நடந்துகொண்டிருந்தது? ஆசிரியரின் சொந்தத் தொலைபேசியின்மேல். அவர் தம் சம்பளத்திலிருந்து வாங்கிய தரவு அட்டையின்மேல். கருவியின் பெருமையைப் பேசுவோர் அதன் செலவைச் சுமப்பவர் யார் என்பதைப் பேசாது விடுவது தற்செயலன்று.

பாடசாலைகள் மீளத் திறக்கப்பட்ட பின்னர் நிகழ்ந்ததையும் நாம் மறந்துவிடலாகாது. 2021 நவம்பர் 23ஆம் திகதி, எமது மாவட்டத்தின் கிண்ணியாவிலே, குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்தது. பாலப்பணி முடிவடையாதிருந்த இடத்தில், நீரைக் கடப்பதற்கெனத் தற்காலிகமாக அமைந்த வழி அது. பாடசாலைக்குப் புறப்பட்ட சிறுவர் உட்படப் பலர் உயிரிழந்தனர். உலகத்தையே வகுப்பறைக்குள் கொண்டுவரும் கருவிகளைப் பற்றி நாடு முழுவதும் பேசிய அதே ஆண்டில், இக்கரைப் பிள்ளை அக்கரைப் பாடசாலைக்கு உயிரோடு போய்ச்சேர ஒரு பாலம் இருக்கவில்லை. மறு ஆண்டு, 2022 மார்ச்சில், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்டது. அச்சிடக் கடதாசியின்றி மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. மின்சாரமும் கடதாசியும் பாலமும் கல்விக் கருவிகளே. அவற்றை ஒதுக்கிவிட்டுத் திரையை மாத்திரம் கருவியென்பது, அடுப்பில்லாத வீட்டுக்குச் சமையற் புத்தகம் அனுப்புவது போன்றது.

இரண்டாவது வினா: சென்றடைந்த இடத்துக்கு அது எதனைக் கொண்டுவந்தது? தமிழ்மொழியும் இலக்கியமும் என்னும் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். அப்பாடத்துக்கென இன்று இணையத்திற் புழங்குவனவற்றுள் மிகப் பெரும்பகுதி விடைகளே: கடந்தகால வினாத்தாள்களின் விடைகள், செய்யுட்களின் பொழிப்புகள், பாத்திரப் பண்புகளை ஐந்து குறிப்புகளில் அடக்கிய சுருக்கங்கள், தனியார் வகுப்புகளின் விளம்பரம் பொறித்த மாதிரிக் கட்டுரைகள். விடை வந்துவிட்டது, நூல் வரவில்லை. ஒரு சிறுகதையை முழுமையாக வாசித்துக் கலங்குவதற்கு முன்பே, அது கலக்கமூட்டும் கதை என்ற விடையை மாணவன் மனனஞ் செய்துவிடுகிறான். இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் எந்தத் தலைப்புக்கும் நொடியிற் கட்டுரை வனைந்து கொடுக்கின்றன. எம் கையிலிருந்த முப்பது கொப்பிகளிலும் ஒரே கட்டுரை இருந்தது. நாளை முப்பது வெவ்வேறு கட்டுரைகள் இருக்கக்கூடும். ஆனால் அவற்றுள் ஒன்றேனும் மாணவனுடையதாக இராது.

உள்ளதைக்கூடப் பகிர முடியாத அவலமும் ஒன்றுண்டு. எமது ஆசிரியர்கள் பல்லாண்டுகளாக அரும்பாடுபட்டு ஆக்கிய பயிற்சிகளும் வினாத்தாள்களும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் முடங்கிக் கிடக்கின்றன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே தமிழ் மறைந்து, பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலொன்று தோன்றுகிறது, தேடினாலும் அகப்படாது. ஒருவரின் உழைப்பு இன்னொருவருக்கு எட்டாததனால், ஒவ்வோர் ஆசிரியரும் தனித்தனியே மீண்டும் தட்டெழுதிக்கொண்டிருக்கிறார். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிப் பொதுவில் வைப்பது பெருஞ் செலவான காரியமன்று. ஆனால் திறப்புவிழாவும் நாடா வெட்டலும் அதற்கு இல்லை. ஆகவே அதனைச் செய்ய யாரும் முன்வருவதில்லை.

கருவியை வழங்கிவிட்டால் கல்வி தானே மலரும் என்னும் எண்ணம் பிற நாடுகளிலும் பரிசோதிக்கப்பட்டதே. தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மடிக்கணினிகள் பாடசாலைகளுக்கு வழங்கப்பட்டன. 319 ஆரம்பப் பாடசாலைகளில் நிகழ்த்தப்பட்டு 2012இல் வெளிவந்த ஆய்வு, கணிதத்திலோ மொழியிலோ அதனால் முன்னேற்றம் ஏற்பட்டதற்குச் சான்று காணவில்லை. யுனெஸ்கோ நிறுவனம் 2023இல் வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கை, கல்வித் தொழில்நுட்பம் யாருடைய நிபந்தனைகளின்படி இயங்குகிறது என்பதையே தன் தலைப்பு வினாவாகக் கொண்டது. வினா புதியதன்று, ஏழை மக்கள் எப்போதும் கேட்டுவந்த வினாவே அது.

அவ்வாறாயின் கருவியை விலக்கிவிடலாமா என்று வாசகர் கேட்கலாம். அல்ல. பழமைக்குத் திரும்புவதால் எவருக்கும் விடிவில்லை. எமது மூன்றாவது வினாவே இங்கு முதன்மை பெறுகிறது: கருவி யாரைப் பேசச் செய்கிறது?

1895இல் வெளிவந்த 'மோகனாங்கி' தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கருதப்படுவது. அதனை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலையிற் பிறந்தவர். அவருடைய ஊரிலே இன்று படிக்கும் மாணவருள் எத்தனை பேர் அந்நூலின் முகப்பையேனும் பார்த்திருப்பர்? போரும் இடப்பெயர்வும் தீயும் எத்தனையோ நூல்களை எம்மிடமிருந்து பறித்தன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே தம் நிலத்தை மீளப் பெறத் தொடங்கினர். நிலம் மீண்டாலும் வீட்டுப் புத்தகப் பெட்டி மீள்வதில்லை. இத்தகைய சமுதாயத்துக்கு மின்னூலகம் ஆடம்பரமன்று. 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் திட்டம், இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் பிரதிசெய்து எவரும் கட்டணமின்றி வாசிக்க வைத்துள்ளது. விற்பனைக்கன்றிப் பொதுநலத்துக்காகத் தன்னார்வலர் தொடங்கி வளர்த்த முயற்சி அது. விடையை விற்கும் அதே இணையத்தில் நூலைக் கொடுப்போரும் இருக்கின்றனர். வகுப்பறை இவர்களுள் யாரோடு உறவு கொள்கிறது என்பதே தீர்மானிக்கும் விடயம்.

அடுத்து, வாசிப்பதோடு நில்லாது படைக்கவும் அக்கருவி உதவ வேண்டும். கொட்டியாரக் குடாவின் கரைகளிற் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்களை எந்தப் பாடநூலாசிரியரும் கொழும்பிலிருந்து வந்து எழுதிச் செல்லப் போவதில்லை. சோளகம், வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுகளை வேறுபிரித்தறியும் முதியோர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். அவர்கள் குரலைப் பதிவுசெய்ய வேண்டிய கருவி மாணவனின் சட்டைப்பையிலேயே இருக்கிறது. அக்குரலைப் பதிந்து, எழுத்திற் பெயர்த்து, சொற்களுக்குப் பொருள் கண்டு, வகுப்பில் விவாதிப்பதிலும் சிறந்த மொழிப்பாடம் வேறுண்டா? மொழியால் பிரிந்த பாடசாலைகள் அருகருகே இயங்கும் மாவட்டம் எமது. மூதூர் மாணவரின் பதிவும் கந்தளாய் மாணவரின் பதிவும் மொழிபெயர்ப்போடு கைமாறுமாயின், ஒருவர் வீட்டு அடுப்பங்கரையும் கடனும் மற்றவர் வீட்டிலும் உள்ளவையே என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர்.

இதற்குப் பரீட்சை இடந்தராது என்று ஆசிரியர்கள் கூறுவர். அவர்கள் கூற்றில் உண்மையுண்டு. பெயர்த்தெழுதிய கட்டுரைக்கு முழுப் புள்ளியும், கண்டெழுதிய கட்டுரைக்குப் பாதிப் புள்ளியும் வழங்கும் முறை நிலைக்கும்வரை எந்தக் கருவியும் பெயர்த்தெழுதுவதையே விரைவுபடுத்தும். ஆகவே மாற்றவேண்டியவற்றுள் முதலாவது பலகையன்று, புள்ளியிடும் முறையே. அதனோடு, ஆசிரியரின் தொலைபேசிச் செலவை அரசு ஏற்கவேண்டும். பாடப்பொருள்கள் தமிழிலும் சிங்களத்திலும் சமதரத்தோடு, பொதுவுடைமையாக, ஒருங்குறியில் ஆக்கப்படவேண்டும். அவற்றை ஆக்குவோருள் கிண்ணியாவிலும் வெருகலிலும் கற்பிக்கும் ஆசிரியரும் இடம்பெறவேண்டும். இவை பேராசைகள் அல்ல; 1945இல் ஏற்றுக்கொண்ட கொள்கையின் மிகுதிக் கடன்கள்.

வெறும் வள்ளத்தைப் பற்றி எழுதிய சிறுவனின் கட்டுரையை அவ்வகுப்பில் உரத்து வாசிக்கும்படி நாம் ஆசிரியரை வேண்டிக்கொண்டோம். அவர் மறுக்கவில்லை. வாசித்து முடிந்ததும் வகுப்பில் அமைதி நிலவியது. பின்னர் மாதிரிக் கட்டுரையைப் பெயர்த்தெழுதியிருந்த சிறுமி ஒருத்தி எழுந்து, "எங்கட அப்பாவும் அப்பிடித்தான் ரீச்சர், அதை நானும் எழுதலாமா?" என்று கேட்டாள்.