மதிப்பீட்டு அறிக்கையும் அதன் பயன்கொள்வாரும்

ஒரு செயற்றிட்டம் தொடங்கப்பெறுகின்றது, பொருள் செலவாகின்றது, ஈற்றில் மதிப்பீட்டாளர் வந்து, வினாவி, அளந்து, அறிக்கை எழுதிச் செல்கின்றனர். அதன்பின் அவ்வறிக்கை யாதாகின்றது என்னும் வினாவையே பொருளாகக் கொண்டெழுந்த நூல்களுள் முதன்மையானது, அமெரிக்க அறிஞர் மைக்கேல் குயின் பற்றன் 1978 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பயன்பாட்டை நோக்கிய மதிப்பீடு’ என்பதாகும். பன்முறை திருத்தியும் விரித்தும் பதிப்பிக்கப்பெற்று இன்றும் கற்கப்படும் அந்நூலை யாம் பெரிதும் மதிக்கின்றோம். ஆயினும் அதன் கொள்கையை முற்றும் உடன்படுதல் எமக்கு இயலவில்லை.

பற்றன் தம் கொள்கையை வெறும் ஊகத்தால் நிறுவினாரல்லர். நடுவணரசின் சுகாதாரத் திட்டங்கள் பற்றிய இருபது மதிப்பீடுகளை எடுத்து, அவற்றை இயற்றினோரையும் பயன்கொண்டோரையும் வினாவியபோது ஓர் உண்மை புலப்பட்டது. அறிக்கையின் நுட்பத்தைக் காட்டிலும், ‘இவ்விடை எனக்கு வேண்டும்’ என்று எதிர்நோக்கியிருந்த ஒருவர் உளரா இலரா என்பதே பயனைத் தீர்மானித்தது. ஆதலின், பயன்கொள்வார் இன்னார், பயன் இன்னது என்று தொடக்கத்திலேயே துணிந்துகொண்டு, அவர்களோடு இருந்தே ஆய்வை நடத்துதல் வேண்டும் என்பர் பற்றன்.

இதன் உண்மையை ஆசிரியர் எவரும் அறிவர். யான் முன்னர்ப் பணியாற்றிய பாடசாலையொன்றிலே மேற்பார்வை அறிக்கைகள் அலுமாரியிற் பூட்டிவைக்கப்பெற்றிருந்தன. வேறொரு பத்திரத்தைத் தேடுகையில், என் வகுப்பைப் பற்றி ஏழாண்டுகளுக்குமுன் எழுதப்பட்ட இரண்டு பந்திகள் கைக்கு அகப்பட்டன. அவற்றிற் சுட்டப்பட்ட குறை மெய்யானதே, திருத்துதற்கு எளியதும்கூட. எனினும் அதற்கிடையில் ஏழாண்டு மாணவர் அக்குறையோடு கற்றுப் போயினர்.

இனி, பற்றனோடு நெடுங்காலம் வாதிட்டவர் கரோல் வைஸ் அம்மையார். ஆய்வு முடிவு ஒருவர் கையிற் கொடுக்கப்பட்டு உடனே செயலாவது அரிது; அது மெல்லமெல்லச் சிந்தனையிற் கசிந்து, பிரச்சினையை நோக்கும் கண்ணையே மாற்றுகின்றது என்பது அவர் கருத்து. இவ்விரு கொள்கைகளையும் உரைத்துப் பார்ப்பதற்கு ஏற்ற கட்டளைக்கல் தெனசி மாநிலத்து வகுப்பளவு ஆய்வாகும்.

1985 இல் அம்மாநிலச் சட்டசபையின் ஆதரவோடு தொடங்கிய அவ்வாய்வு நான்காண்டு நடந்தது. 79 பாடசாலைகளில், பாலர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை, மாணவரும் ஆசிரியரும் திருவுளச்சீட்டு முறையால் மூவகை வகுப்புக்களுக்குப் பகுக்கப்பெற்றனர். ஒன்று 13 முதல் 17 பேர் கொண்டது. மற்றொன்று 22 முதல் 25 பேர் கொண்டது. மூன்றாவது அப்பெரிய வகுப்போடு முழுநேர உதவியாளர் ஒருவரையும் உடையது. சிறு வகுப்பினர் வாசிப்பிலும் கணிதத்திலும் முன்னேறினர். உதவியாளரால் விளைந்த பயனோ மிகச் சிறிது. பிற்கூறிய முடிவை எவரும் விரும்பிக் கேட்டாரல்லர். உதவியாளர் தொகை அந்நாட்டில் பின்னரும் பெருகியே வந்தது! இன்னாத முடிவுக்குச் செவிகொடுப்பார் அரியர்போலும்.

முற்கூறிய முடிவோ நெடுந்தூரம் பரவிற்று. 1996 இல் கலிபோர்ணியா மாநிலம், ஏறக்குறைய முப்பது பேர் இருந்த தொடக்க வகுப்புக்களை இருபதாகக் குறைக்கும் பாடசாலைகளுக்கு மாணவர் ஒருவருக்கு 650 டொலர் வீதம் வழங்க முன்வந்தது. கோடையிற் சட்டம் பிறந்தது. அடுத்த தவணையிலேயே நடைமுறை தொடங்கிற்று. அத்துணை ஆசிரியர் எங்கிருந்து வருவர்? தொடக்க வகுப்பாசிரியருள் முழுத் தராதரப் பத்திரம் இல்லாதோர் முன்னர் நூற்றுக்கு இருவரிலும் குறைவு. இரண்டாண்டுக்குள் அத்தொகை பன்னிருவர் அளவிற்கு ஏறிற்று. வறியோர் பயிலும் பாடசாலைகளில் நிலை இதனினும் இழிந்தது. தேர்ந்த ஆசிரியர் வசதி மிக்க இடங்களில் எழுந்த புதிய வெற்றிடங்களுக்குப் பெயர்ந்தனர். நூலக அறையும் சங்கீத அறையும் வகுப்பறைகளாயின.

இது முடிவைப் புறக்கணித்ததன் தீங்கன்று. முடிவைப் பயன்படுத்தியதன் தீங்கு. தெனசியிலே பயிற்சி பெற்ற ஆசிரியரும் போதிய இடமும் இருந்த நிலையில், 17 பேருக்கு மேற்படாத வகுப்பில் விளைந்த பயன் அது. கலிபோர்ணியாவிற்கு வந்து சேர்ந்தது ‘சிறு வகுப்பு நன்று’ என்னும் மூன்று சொற்களே. வைஸ் அம்மையார் கூறிய கசிவு மெய். ஆனால் கசியும்போது நிபந்தனைகள் வண்டலாய்ப் பின்னே தங்கிவிடுகின்றன என்பதை அவர் கொள்கை போதிய அளவு அழுத்தவில்லை. பற்றன் கொள்கைக்கோ இஃது எல்லைக்கு அப்பாற்பட்டது. தெனசி ஆய்வாளர் கருதிய பயன்கொள்வார் தெனசி மாநிலத்தாரே. அவர்கள் 1989 முதல் தம் மிக வறிய மாவட்டங்களுக்குச் சிறு வகுப்பை முதலில் வழங்கினர் என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது. அவ்வளவில் பற்றன் வென்றார். ஆனால் அச்சிடப்பட்ட அறிக்கை அழைத்தவர் வீட்டிற்கு மட்டும் செல்வதில்லை. ஆதலின் நிபந்தனையை முடிவின் பின்னிணைப்பாக வைக்காது, முடிவின் வாக்கியத்துள்ளேயே வைத்தெழுதல் மதிப்பீட்டாளர் கடன் என்பது எம் துணிபு. ‘பயிற்சி பெற்ற ஆசிரியர் கிடைக்குமிடத்து’ என்னும் அடை அவ்வாக்கியத்தில் அமர்ந்திருப்பின் அதை உதிர்த்தெடுத்துச் செல்லுதல் சிறிதேனும் கடினமாயிருக்கும்.

மற்றொன்றும் உண்டு. கலிபோர்ணியாவின் கல்வித் திணைக்களம் தன் திட்டத்தைத் தானே மதிப்பிடுவித்தது. பயன்கொள்வார் யார் என்பதில் அங்கே ஐயமில்லை. பற்றன் வேண்டிய முதல் நிபந்தனை நிறைவேறியிருந்தது. ஆனால் ஏறக்குறைய எல்லாப் பாடசாலைகளும் ஒருங்கே திட்டத்தில் இறங்கிவிட்டமையால், ஒப்புநோக்குதற்கு வெளியே நின்ற வகுப்புக்கள் மிகச் சிலவே. மாணவர் பெற்ற ஏற்றத்துக்கு வகுப்பின் சிறுமைதான் காரணமா என்று 2002 இல் வெளிவந்த இறுதி அறிக்கையால் அறுதியிட்டுக் கூற இயலவில்லை.