வெள்ளலூர் வெள்ளிக் காசுகள்

கோவையை அடுத்து நொய்யலாற்றின் அருகே உள்ள வெள்ளலூரில் 1842-இல் வெளிப்பட்ட புதையல் உள்ளிட்ட கொங்குப் புதையல்களில் மிகுந்திருப்பவை, அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய உரோமப் பேரரசர்கள் வெளியிட்ட தெனாரியஸ் எனும் வெள்ளிக் காசுகளே. எழுத்துத் தேய்ந்த காசையும் பின்புற உருவம் காட்டிக்கொடுத்துவிடும்: கேடயங்களும் ஈட்டிகளும் இடையே இருக்க இருவர் நின்றால், அது அகஸ்டஸ் தம் பேரர்களான காயஸையும் லூசியஸையும் பொறித்த வகை; செங்கோலும் கிளையும் ஏந்திய பெண் அமர்ந்திருந்தால், டைபீரியஸ் வகை. கதிர்முடி சூடிய பேரரசரின் தலையால் அறியப்படும் மூன்றாம் நூற்றாண்டின் அந்தோனினியானஸ் காசிலோ, 268 வாக்கில் வெள்ளி நூற்றுக்கு ஐந்துக்கும் கீழாக இறங்கிவிட்டதால், மேற்பூச்சு உரிந்து செம்பே மிஞ்சியது. கொங்கு மண் காத்தளித்த தெனாரியஸ்களோ உயர்ந்த வெள்ளியால் ஆனவை. உரோமக் காசுகளைப் படிக்கப் பழகுவோர் இவற்றிலிருந்தே தொடங்குவது நல்லது.