மெல்வில் புனைந்த திமிங்கிலம்: உயிரியலும் கருத்துநிலையும்

ஹேர்மன் மெல்விலின் 'மொபி டிக்' 1851ஆம் ஆண்டு ஒக்ரோபரில் இலண்டனிலும் நவம்பரில் நியூயோர்க்கிலும் வெளிவந்தது. அந்நாவல் பற்றிய விமர்சனங்களுட் பெரும்பாலானவை வெள்ளைத் திமிங்கிலம் எதன் குறியீடு என்னும் வினாவிலேயே தேங்கி நின்றுவிடுகின்றன. கடவுள், விதி, தீமை, இயற்கை, மூலதனம் என விடைகள் மாறுகின்றனவேயன்றி வினா மாறுவதில்லை. முற்போக்கு விமர்சகரும் இதற்கு விலக்கானவரல்லர். நாவலின் நடுப்பகுதியை நிரப்பி நிற்கும் திமிங்கில இயல் அத்தியாயங்களோ கதையோட்டத்துக்கு இடையூறானவை எனக் கடந்து செல்லப்படுகின்றன. எமது நோக்கில், நாவலின் சமூக உள்ளடக்கம் மிகச் செறிந்து கிடப்பது அவ்வத்தியாயங்களிலேயே.

32ஆம் அத்தியாயத்திற் கதைசொல்லியான இஸ்மயில் திமிங்கிலங்களை வகைப்படுத்த முற்படுகின்றான். லின்னேயசு 1758இல் திமிங்கிலத்தை மீன்களிலிருந்து பிரித்துப் பாலூட்டிகளுடன் சேர்த்திருந்தார். இஸ்மயில் அம்முடிபை ஏற்க மறுக்கின்றான். நுரையீரலும் வெப்பக் குருதியும் அதற்குண்டு என்பதை ஒப்புக்கொண்டே, கிடையான வாலுடைய, நீர் பீச்சும் மீன் அது என வரையறுக்கின்றான். லின்னேயசின் நியாயங்களை அவன் யாரிடம் வைத்து மதிப்பிடுகின்றான் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. தன்னோடு ஒரே கப்பலில் உண்டு உழைத்த நன்ரக்கற் மாலுமிகள் இருவரிடம் வைக்கின்றான். அவை போதா என அவர்கள் தீர்ப்பளிக்கின்றனர். இதனை வெறும் நகைச்சுவையாகக் கொள்வோர் உண்டு. நகைச்சுவை இருப்பது உண்மையே. ஆயின் 1841இல் 'அக்குஷ்நெற்' என்னும் வேட்டைக் கப்பலிற் கூலியாளாகச் சென்ற ஒருவர், அறிவின் நீதிமன்றத்தில் உழைப்பாளரை நீதிபதிகளாக அமர்த்துவது தற்செயலானதன்று.

தொடர்ந்து, திமிங்கிலங்களைப் புத்தகத் தாளின் அளவுகளைக் கொண்டு பெரியன, இடைத்தரத்தன, சிறியன என அவன் பகுக்கின்றான். ஓரினத்துக்குத் தானே பெயர் சூட்டுகின்றான். இவ்வாறு உருவாகும் திமிங்கிலம் அருங்காட்சியகத்தின் திமிங்கிலமன்று. அவதானிப்பும் வதந்தியும் தொழில் வழக்கும் கற்பனையும் கலந்து புனையப்பட்ட ஓர் இனம். அவ்வினத்தின் வாழ்க்கையை 88ஆம் அத்தியாயம் விரிக்கிறது. பெண் திமிங்கிலங்களின் கூட்டத்தை முதிர்ந்த ஆண் ஒன்று துருக்கிய சுல்தான் அந்தப்புரத்தை ஆள்வதுபோல ஆள்கிறது. போட்டிக்கு வரும் இளைய ஆணைத் துரத்துகிறது. இளம் ஆண்களின் கூட்டத்துக்கோ நாற்பது பீப்பாக் காளைகள் என்று பெயர். உயிரொன்றின் பெயரே அதிலிருந்து வடிக்கப்படும் எண்ணெயின் அளவாக இருப்பதைக் காண்கின்றோம். பயன்மதிப்பும் பரிவர்த்தனைமதிப்பும் பற்றிய நீண்ட விளக்கம் செய்யக்கூடியதை இப்பெயர் ஒன்றே செய்துவிடுகிறது.

அதே அத்தியாயத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. நாற்பது பீப்பாக் காளை ஒன்றை ஈட்டியால் எறிந்தால் அதன் தோழர் அதனைக் கைவிட்டு ஓடிவிடுவர். பெண்ணொன்றை எறிந்தால் மற்றவை அதனைச் சூழ்ந்து நின்று தாமும் மடியும். 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலச் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட பின்னர், 1980களின் தொடக்கத்தில் எமது திருகோணமலைக் கடல் உட்படப் பல இடங்களில் ஸ்பேர்ம் திமிங்கிலங்கள் உயிரோடு ஆராயப்பட்டன. அத்தகைய ஆய்வுகள் காட்டும் சமூகம் தாய்வழிப்பட்டது. பெண்களும் குட்டிகளும் நிலையான குழுக்களாக வாழ்கின்றன. தாய் ஆழத்துக்கு இரைதேடிச் செல்கையிற் குட்டியை மற்றவை காக்கின்றன. ஆண் வளர்ந்ததும் குழுவைப் பிரிந்து குளிர்கடல்களை நாடுகிறது. இனப்பெருக்கத்தின் பொருட்டு வெப்பக் கடலுக்கு மீளும்போது ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்கு அலைகிறது. அந்தப்புரமும் இல்லை, சுல்தானும் இல்லை. ஆகவே மெல்விலின் அத்தியாயத்தில், ஈட்டி எறிந்தவன் கண்ணாற் கண்டது மெய்யாகவும் அதற்கு இடப்பட்ட விளக்கம் தந்தையாதிக்கக் கருத்துநிலையாகவும் அடுத்தடுத்து நிற்கின்றன. எதார்த்தவாதம் பற்றிப் பேசும் எம்மவர் இம்முரண்பாட்டை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும்.

திரினிடாட்டைச் சேர்ந்த மார்க்சியரான சி. எல். ஆர். ஜேம்ஸ், 1952இல் எல்லிஸ் தீவிலே தடுத்துவைக்கப்பட்டிருந்த வேளை எழுதி 1953இல் வெளியிட்ட நூல், மாலுமிகளின் கூட்டுழைப்பை நாவலின் மையத்துக்குக் கொணர்ந்தது. அதன் பெறுமதி குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. எனினும் அவரது நோக்கு ஏகாப்மீதும் மாலுமிகள்மீதுமே பெரிதும் நிலைத்தது. உழைப்பின் மறுமுனையில் நின்ற உயிர் அந்த அளவு ஆராயப்படவில்லை.

இவ்விடயம் இலக்கியத்தோடு முடிந்துவிடுவதன்று. 105ஆம் அத்தியாயத்தில் திமிங்கிலம் அழிந்துபோகுமா என்னும் வினாவை எழுப்பும் இஸ்மயில், அழியாது என்கின்றான். ஒரு கப்பலிலுள்ள நாற்பது பேர் நாற்பத்தெட்டு மாதம் வேட்டையாடி நாற்பது திமிங்கிலங்களின் எண்ணெயோடு திரும்பினாற் பெரும்பேறு என்பது அவன் காட்டும் சான்றுகளுள் ஒன்று. பாய்க்கப்பலின் உற்பத்திச் சக்தி அளவில் அக்கணக்கு பொருந்தியிருக்கலாம். வெடிகுண்டு ஈட்டியும் ஆலைக்கப்பலும் வந்த பின்னர், இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 இலட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. இதனை முதலாளித்துவத்தின் கணக்கில் மாத்திரம் எழுதிவிட நாம் விரும்பலாம். உண்மை அதற்கு இடந்தரவில்லை. சோவியத் கப்பல்கள் ஏறத்தாழ 1,80,000 திமிங்கிலங்களைச் சர்வதேச ஆணைக்குழுவுக்கு அறிவிக்காமற் கொன்றமையை 1990களில் ருஷ்ய விஞ்ஞானிகளே வெளிப்படுத்தினர். திட்டத்தின் இலக்கு மொத்த எடையில் வகுக்கப்பட்டிருந்தது; கொன்றவற்றை முழுமையாகப் பயன்படுத்துவதற்கு அத்தகைய நெருக்குதல் இருக்கவில்லை. உடைமை உறவு மாறியபோதும், உயிரை எடையாகக் காணும் நாற்பது பீப்பாக் கண்ணோட்டம் அங்கு மாறவில்லை என்பதை மார்க்சியர் என்ற வகையில் நாம் மறைத்தல் தகாது.

இறுதியாக ஒன்று. 32ஆம் அத்தியாயத்தின் முடிவில், கேள்விப்பட்டனவேயன்றித் தெளிவாக அறியப்படாத சில திமிங்கிலப் பெயர்களை அடுக்கும் இஸ்மயில், அவை பொருளற்ற ஓசைகளாயிருக்கலாம் என ஐயுற்று ஒதுக்கிவிடுகின்றான். ஒதுக்கப்பட்ட பெயர்களுள் நீலத்திமிங்கிலமும் ஒன்று. அதே விலங்கினை, மாலுமிகள் வழங்கிய கந்தக வயிறு என்னும் வேறொரு பெயரில், சில பக்கங்களுக்கு முன்னரே தன் பட்டியலில் அவன் சேர்த்துமிருந்தான்.